ஒரு லட்சம் ஓம்

காற்றுக்குப் பயந்து கம்பளியில் சுற்றி
ஆம்ப்பைத் தூக்கி வந்தான் எவரிஸ்தோ மான்சில்யா.
புந்தா அரேனாஸில் இது காற்றின் மாதம்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அவனுக்குப் பிடிக்கக் கை மிச்சமில்லை.

"பேஸ் கொஞ்சம் மந்தம்" என்றான்.
கொஞ்சம்.
"ஐந்தில் வைத்தால் போதாது, ஏழில் சரியாகிவிடும்.
இருந்தாலும் பார்த்துவிடு, தானிட்சா.
சனிக்கிழமை சிலோயேக்காரர் சங்கத்தில் நடனம்."

அவன் புகைக்க வெளியே போனதும்
கிடாரைச் செருகி ஒரு கார்டு மீட்டினேன்.
தகர டப்பாவில் ஆணி.
பேஸைச் சுழியத்தில் வைத்தேன். ஆணி.
பத்தில் வைத்தேன். அதே டப்பா, அதே ஆணி.
மிடிலும் அப்படித்தான்.
ட்ரெபிள் மட்டும் சொன்னதற்கெல்லாம் கூவியது.

ஏழுக்கும் இரண்டுக்கும் இதில் பேதமே இல்லை.
ஆனால் அவன் ஏழைக் கேட்டிருக்கிறான்.
வாரா வாரம் மேடையில் குனிந்து
விரல் நுனியால் ஒரு மயிரளவு திருகி,
நிமிர்ந்து, ஆ, இப்போது சரி என்று
தலையசைத்திருக்கிறான்.
நானே பார்த்திருக்கிறேன்.
அந்தத் தலையசைப்பை நம்பி
நானும் ஆடியிருக்கிறேன்.

அவன் வருவதற்குள் பின்பலகையைக் கழற்றினேன்.
வயரைப் பிடுங்கிய பிறகும்
நானூறு வோல்ட் உள்ளே உட்கார்ந்திருக்கும்,
கோபம் தணிந்தவர்போல.
அதை வடியவிட்டேன்.
என் இடக்கை பாக்கெட்டில்,
தொழிலில் பாதி அதுதான்.

முதலில் குமிழ்களைச் சந்தேகித்தேன்.
எல்லாரும் அப்படித்தான்,
முகப்பில் பெயர் எழுதியவர்களை.
பேஸ் பாட்டுக்குள் கிளீனர் அடித்தேன்,
இருபது முறை சுற்றினேன். மீட்டரில் வழவழவென்று ஏறி இறங்கியது.
குற்றமில்லை.
மிடிலின் தரை வயரை இழுத்துப் பார்த்தேன். உறுதி.
மூன்று கெப்பாசிட்டருக்கும் ஒரு காலைத் தூக்கி அளந்தேன்.
கிழவர்கள்தான், ஆனால் ஒழுகவில்லை.

அப்புறம் அது.
பலகையின் நடுவே, அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாய்,
பழுப்பு, கறுப்பு, மஞ்சள்:
ஒரு லட்சம் ஓம்.
முகப்பில் அதற்குக் குமிழும் இல்லை, பெயரும் இல்லை.
பேஸுக்கும் மிடிலுக்கும் போகும் ஒரே பாலம்.
மீட்டர் எண் எதையும் காட்டவில்லை.
லென்ஸைப் பிடித்துப் பார்த்தேன்.
கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில்
ஒரு கோடு, யாரோ நகத்தால் கீறியது போல.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
நிபால்தோ நினைவுக்கு வந்தான்.
"உன் பேஸ் கிடார் என்னை விழுங்குகிறது" என்று
எவரிஸ்தோ கத்தியதும்,
பாதிக் கும்பியாவில் அவன் வயரைப் பிடுங்கிக்கொண்டு
மேடையை விட்டு இறங்கியதும்.
போன ஈஸ்டருக்கு முந்தின வாரம்.
இல்லை, அதற்கும் முந்தின ஈஸ்டரோ?

புதியதைப் பற்றவைக்க ஒரு நிமிடம் ஆனது.
ஈயப் புகையும் காற்றின் உப்பும்
பட்டறையில் ஒரே வாசனையாகின.

எவரிஸ்தோ மீட்டினான். வழக்கப்படி ஏழில்.
ஜன்னல் அதிர்ந்தது.
அலமாரியில் திருகாணி டப்பாக்கள் ஒவ்வொன்றாய்
முணுமுணுக்கத் தொடங்கின.
தந்தியைக் கையால் அமுக்கினான்.
குனிந்து ஐந்துக்கு இறக்கினான்,
நான்குக்கு,
இரண்டுக்கு.
தலையசைக்கவில்லை.

"எத்தனை நாளாய் இப்படி?"
"ரெசிஸ்டரைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது" என்றேன்.
அது உண்மை.
மேஜைமேல் கிடந்த பழையதை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தான், திருப்பினான்,
சில்லறைகளோடு பையில் போட்டுக்கொண்டான்.

காசு கொடுத்தான். கம்பளியை மடித்தான்.
ஆனால் ஆம்ப்பைத் தூக்கவில்லை.
"இந்தக் காற்றில் முடியாது.
இங்கேயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை வரை" என்றவன்
கதவருகே நின்று,
வேறு யாரிடமோ கேட்பது போல,
"நிபால்தோ அந்த வேனை
இன்னும் விற்கவில்லையே?" என்றான்.